கதை அல்லாதவை

பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்.
மார்ச் முடியுமுன் பில் வேண்டும், மூன்று நகல்.
கதைப் புத்தகம் நிறைய இருக்கு டீச்சர்,
இந்தத் தடவை உண்மை வாங்குங்க என்றார் தலைமையாசிரியர்,
ரெண்டு கிலோ துவரம்பருப்பு சொல்லும் குரலில்.

நந்தனத்தில் தகரக் கூரைக்குக் கீழே
ஜனவரிக்கும் வேர்க்கிறது.
கம்பளத்துக்கு அடியில் பலகை முனகுகிறது.
டைனோசர் எடுங்க மேடம், தானா போகும் என்கிறார்
நாற்பது சதம் கழிவு தரும் கடைக்காரர்.

நான் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பவள்.
எந்த ஆண்டு, யார் எழுதியது.
பெயரே இல்லையா, கீழே வை.
கோள்கள் ஒன்பதா, கீழே வை.
டாக்டருக்கு மீசையும் நர்சுக்குச் சேலையும்
வரைந்திருக்கிறதா, எவ்வளவு பளபளத்தாலும்.
பருவங்கள் நான்கு என்று
பனிமனிதனுக்குத் தொப்பி மாட்டியிருந்தால்
யோசிக்கவே வேண்டாம்.
எங்கள் பிள்ளைகள் அறிந்த பருவங்கள்
வெயில், கத்திரி வெயில்,
மீன்பிடித் தடைக்காலம்,
வீட்டுக்குள் தண்ணீர் வரும் மாதம்.

உனக்குத் தெரியுமா என்று நூறு முறை கேட்டு
எப்படித் தெரிந்தது என்று
ஒரு முறையும் சொல்லாத ஒன்றை
வைத்தேன், திரும்ப எடுத்தேன்.
நூற்று நாற்பது ரூபாய்க்குக் கெட்டி அட்டை.
இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீன் புத்தகம் இல்லாமல் காசிமேட்டுக்குத் திரும்ப முடியாது.
கிடைத்தது ஒன்றுதான்.
ஏழாம் வகுப்பு ஜெனோவா
ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் போனாள்.
சங்கரா எங்க மிஸ்?
இல்லை.
காரப்பொடி?
இல்லை.
அருவி ஏறும் சால்மனை வெகுநேரம் பார்த்தாள்.
இதைப் புடிக்க எந்தக் கண்ணி வலை போடுவாங்க?
புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரியாது.

மறுநாள் கோடு போட்ட தாளில் பதினேழு மீன் வரைந்து
பின்னட்டைக்குள் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தாள்.
திருக்கைக்கு மட்டும் குறிப்பு:
வால்ல முள்ளு. தொடாதே. அப்பாவுக்கு ஆறு தையல்.
பள்ளிச் சொத்துக்குச் சேதம் என்று எழுதலாம்.
தாளின் மூலையில் வரிசை எண் போட்டேன்,
ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு, மீன்கள்.

உடம்பைப் பற்றிய புத்தகத்தை
தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மாட்டிப் பார்த்தார்.
முப்பத்திரண்டுலருந்து முப்பத்தஞ்சு வரைக்கும்
ஸ்டேப்ளர் அடிச்சிடுங்க டீச்சர்,
பேரன்ட்ஸ் வந்து நிப்பாங்க.
அடித்தேன். நான்கு பின்.
மாலை பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த விரலில்
இரும்பு வாசனை. கம்பியுடையதாகவும் இருக்கலாம்.

ஆகஸ்டில் இருப்புக் கணக்கு.
டைனோசர் போயிருந்தது, கடைக்காரர் சொன்னது சரி.
நூற்று நாற்பது ரூபாயின் கெட்டி அட்டை கழன்றிருந்தது.
உடம்புப் புத்தகம்
முதுகு தளர்ந்து, ஓரத்தில் எண்ணெய் ஏறி,
மேசையில் வைத்ததும்
முப்பத்திரண்டில் தானாகத் திறந்துகொண்டது.
பின் ஒன்றுகூட இல்லை.
எட்டுத் துளைகள்,
யாரோ நகத்தால் தடவி மூடப் பார்த்த துளைகள்.
கிழிசல் இல்லை. கிண்டல் எழுத்து இல்லை.
இது நோய் அல்ல என்ற வரிக்கு அடியில் மட்டும்
மெல்லிசாக ஒரு பென்சில் கோடு,
அழித்து, மறுபடி போட்டது.

பதிவேட்டில் மூன்று கட்டம்:
நல்ல நிலை, சேதம், காணவில்லை.
முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.

அதையும் மறுபடி அடிச்சிடுங்களேன் என்றார்
கதவருகில் நின்று, என்னைப் பார்க்காமல்.

பின் தீர்ந்துபோச்சு சார் என்றேன்.

அது கதை.